நாக்கு சார்

கோப்பையில் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை. ஜன்னலோர மேசையில் இருந்தவர் கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு குறிப்பேட்டைத் திறந்தார்.

கல்லாவில் நின்றவளுக்கு நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது. வந்திருப்பவர் 'நாக்கு சார்'. பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் நகரத்துக் காபிக் கடைகளுக்கு மார்க் போடுகிறவர். அவர் முகம் சுளித்த மூன்று கடைகள் இன்று இல்லை.

இவள் கடை திறந்து பதினோரு நாள்தான் ஆகிறது. ஆவி பறக்க வைத்த அன்றைய முதல் காபியை, அவள் திரும்பிப் பன் எடுத்து வருவதற்குள் காலி செய்துவிட்டாரே!

பால் கேன்களோடு பின்வாசலில் நுழைந்த கணவன், மெஷினில் எரிந்த விளக்கைப் பார்த்து அப்படியே நின்றான்.

"போட்டுட்டியா? தண்ணி விட்டு அலசினியா?"

"எதுக்கு அலசணும்?"

"மெஷினுக்குள்ள படிஞ்ச உப்பு கரையறதுக்கு நேத்து ஆசிட் ஊத்தி ஊற வெச்சேனே! சீட்டு ஒட்டிட்டுத்தானே போனேன்?"

சீட்டு மெஷினுக்கு அடியில் விழுந்து கிடந்தது. ஆசிட் டப்பாவில் மண்டையோட்டுப் படம்.

"வாயைத் திறக்காத," கணவன் அவள் கையைப் பிடித்தான். "சொன்னா நாளைக்கே கடைக்குப் பூட்டுதான்."

பன்னைக் கடித்தவர் இருமினார். மறுபடி இருமினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"கடை போனாப் போகுதுங்க!" கையை உதறிவிட்டு ஓடினாள்.

"சார், மன்னிச்சிருங்க! மெஷின் கழுவுற ஆசிட் காபியில கலந்துடுச்சு. தெரியாமக் குடுத்துட்டேன். எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்!"

அவர் எழவில்லை. காபிக்குக் காத்திருந்த பக்கத்து மேசைகளை ஒரு நோட்டம் விட்டார்.

"கத்தாதீங்கம்மா. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஐயோ, முழுசாக் குடிச்சிருக்கீங்களே சார்! என்னங்க, வண்டியை எடுங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது. அவர் முகம் வெளிறிப்போய்விட்டது. அவளை அருகில் குனியச் சொல்லிக் கெஞ்சினார்.

"ஜன்னல் வழியாக் கொட்டிட்டேம்மா. நான் காபியே குடிக்கறதில்ல."