எதிராளியின் சாட்சி

“அண்ணி, இன்னையோட உங்க சங்கம் கடையைக் கட்டிடலாம்,” என்றான் கொழுந்தன், நீச்சல் கண்ணாடியைத் துடைத்தபடி.

“முதல்ல இறங்கிப் பாருங்க தம்பி. வாயாலேயே மீன் பிடிச்சிடாதீங்க,” என்றாள் மீனவர் சங்கத் தலைவியான அண்ணி. நங்கூரத்தைப் போட்டுப் படகை நிறுத்தினாள்.

படகுக்குக் கீழே, ஆழத்தில், பாறைத்திட்டு. மூன்று ஆண்டுகளாக அங்கே ஒரு வலையும் விழவில்லை. ஆணையிட்டது அரசன்று, அடங்கிப் போனவர்கள் அடிமைகளும் அல்லர். அள்ளி அள்ளி அடிமடி வரை சுரண்டிய கடலுக்கு ஓய்வு கொடுப்போமென்று, வலை வீசிய கைகளே வலையை மடித்து வைத்தன. ஆண்டுக்கொரு முறை ஒருவர் மட்டும் மூழ்கிப் பார்ப்பார். மீன் பெருகியிருந்தால் மறுநாளே திறப்பு. இல்லையேல் இன்னும் ஓராண்டு பூட்டு. மூழ்குகிறவர் பூட்டை எதிர்ப்பவராகவே இருக்கவேண்டும். அவர் சொல்லே முடிவு. ‘இல்லை’ என்று ஏமாற்றிச் சங்கம் பூட்டை நீட்டிவிடக் கூடாது அல்லவா?

இந்த ஆண்டின் எதிராளி இவன். குரலைக் கேட்டுக் கரையே இவனுக்கு ‘இடி’ என்று பெயர் வைத்திருந்தது.

“நான் பொய்யா ‘இருக்கு’ன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க?”

“நாளைக்கு உங்க வலையே உங்களைக் காட்டிக் கொடுத்துடும். சிரிச்சுக்கிட்டு நிப்பேன்.”

அவன் சிரிக்கவில்லை. “தூரக்கடலுக்குப் போயிட்டு வெறுங்கையோட வர்றேன் அண்ணி. பிள்ளைங்க முகத்தைப் பார்க்க முடியல. இதைத் திறந்தாத்தான் எனக்குப் பொழைப்பு.”

“தெரியாதா தம்பி? உங்க அண்ணனும் அதே படகுலதானே வெறுங்கையோட வர்றாரு.”

அவன் மூழ்கினான். மேலிருந்து பார்த்தவளுக்குக் கருநீலம் ஒன்றே தெரிந்தது. ஒருமுறை மேலே வந்தான்; அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் மூச்சை இழுத்துக்கொண்டு மீண்டும் போனான். கடைசியில் படகின் விளிம்பைப் பற்றி ஏறினான். பெருஞ்சாவைக் கண்டவன் முகமா, பெரும்பிறப்பைக் கண்டவன் முகமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

“என்ன தம்பி?”

அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மீண்டும் தண்ணீரையே பார்த்தான்.

“ஏதாவது பேசுங்க. எனக்குப் பயமா இருக்கு.”

“கரைக்குப் போகலாம் அண்ணி.” இடி முணுமுணுத்தது.

கரையில் ஊரே திரண்டிருந்தது. பலர் தோளில் வலையோடே வந்திருந்தார்கள்.

“என்னய்யா இடி, படகைத் தள்ளலாமா?” என்று கேட்டார் வலை பின்னுகிறவர்.

“ஒண்ணும் இல்ல. வெறும் பாறை. இன்னும் ஒரு வருஷம் பூட்டுங்க.”

எவரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. திறக்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியவனே ‘இல்லை’ என்கிறான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

“இவன் வாயிலேயே இது வந்துருச்சுன்னா, நம்ம கதை அவ்வளவுதான்,” என்றபடி வலை பின்னுகிறவர் திரும்பி நடந்தார். கூட்டமும் கலைந்தது.

அண்ணியின் கண்கள் கலங்கின. மூன்று ஆண்டு வயிற்றைக் கட்டியது வீணா? ஆனாலும் கொழுந்தன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“மனசை விட்டுடாதீங்க தம்பி. அடுத்த வருஷமாவது நாலு மீன் வந்து சேரும்.”

அவன் சுற்றிலும் பார்த்தான். காதுக்கெட்டும் தொலைவில் யாரும் இல்லை.

“கையால விலக்கி விலக்கித்தான் மேல வந்தேன் அண்ணி. ஒண்ணுகூட என்னைப் பார்த்து ஓடல... மனுஷன்னா பயப்படணும்னே அதுங்களுக்குத் தெரியல.”