பேசாத டியூஷன்

"பேச முடியாத டீச்சர்கிட்ட பிள்ளைய எதுக்கு சார் அனுப்பணும்?"

மொக்கையன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டார். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பிளஸ் டூ பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய மகள் நாகஜோதி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

வாடிப்பட்டியில் கணக்கு டியூஷன் என்றால் ரூத் டீச்சர்தான். கஷ்டமான கணக்கையும் கதை போலச் சொல்லி, கரும்பலகையில் போட்டுக் காட்டிவிடுவார். அரையாண்டுப் பரீட்சை முடிந்த சமயம் அவருக்குத் தொண்டை புண்ணாகி, குரல் அடைத்துப்போனது. ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து டியூஷனில் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளக்கம் இல்லாமல் கரும்பலகையில் போட்டால் பிள்ளைகள் அப்படியே பார்த்து எழுதிக்கொள்வதால், அதையும் விட்டுவிட்டார்.

டீச்சரின் கணவர் ஜெய்சன் எழுந்து வந்தார். மனைவியை ஒரு தரம் பார்த்துவிட்டு, "உள்ள வாங்கண்ணே. உக்காந்து பேசுவோம்" என்றார்.

"உக்காரவெல்லாம் நேரமில்ல சார். பொங்கலுக்கு முந்தி போன குரலு. மாசி பொறந்துருச்சு. அடுத்த மாசம் பரீட்சை. இவ அரையாண்டுல கணக்குல பெயிலு."

"டீச்சர் நல்லா இருந்தப்பதான அந்தப் பரீட்சை நடந்துச்சு?" என்று மெல்லக் கேட்டார் ஜெய்சன்.

மொக்கையன் மகள் பக்கம் திரும்பினார். "டீச்சர் நடத்துனது எல்லாம் புரிஞ்சுச்சுன்னுதான சொன்ன?"

"புரிஞ்சுச்சுப்பா. டீச்சர் போர்டுல போடுறப்ப அம்புட்டும் புரியும். பரீட்சையில கொஞ்சம் மாத்திக் கேட்டுட்டாங்க. எங்கிட்டு ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

"அப்பப் பேசுறவுகளே சொல்லிக் குடுத்து இந்த லட்சணம். இப்பச் சொல்லிக் குடுக்கவும் ஆளில்ல. மதுரையில ஒரு சென்டர்ல கேட்டுட்டேன். நாளையில இருந்து அங்க போறே. எந்திரி."

நாகஜோதி எழுந்திருக்கவில்லை. "நான் போகலப்பா. இப்ப நானே போடுறேன்."

"நீயேன்னா? யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல."

அது உண்மைதான். குரல் போன முதல் வாரம் முழுக்கப் பிள்ளைகள் சந்தேகம் கேட்டுக்கொண்டு டீச்சரிடம் போனார்கள். அவர் புத்தகத்தைத் தொட்டுக் காட்டினார். மறுபடி கேட்டால் மறுபடியும் அதே புத்தகம். வேறு வழியில்லாமல் நாகஜோதி எடுத்துக்காட்டுக் கணக்கை வரிவரியாக வாசிக்க ஆரம்பித்தாள். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு தானே போட்டுப் பார்த்தாள். முட்டி நின்ற இடத்தில் கையை எடுத்து, எந்த வரியில் தவறவிட்டோம் என்று தேடினாள். பக்கத்தில் இருந்த தமிழ்மாறனுக்கு வேறு விடை வந்தால், இரண்டு பேரும் சண்டை போட்டுச் சரியானதைக் கண்டுபிடித்தார்கள்.

ஒருநாள் அவள் ஒரு மைனஸை விட்டுவிட்டாள். பக்கம் முழுக்கத் தப்பாகிக்கொண்டே போனது. பக்கத்தில் நின்று பார்த்த டீச்சர் வாயைத் திறந்தார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விட்டார். தொண்டை வலிக்கிறது போல, பாவம் என்று நாகஜோதி நினைத்துக்கொண்டாள். வெகுநேரம் தேடி அந்த மைனஸைப் பிடித்தாள். அதற்குப் பிறகு அவள் ஒரு மைனஸைக்கூடத் தவறவிட்டதில்லை.

"எங்க, போடு பாப்போம்" என்ற மொக்கையன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். புத்தகத்தைப் புரட்டி, கண்ணுக்குக் கரடுமுரடாகத் தெரிந்த ஒரு கணக்கில் விரலை வைத்தார்.

நாகஜோதி போட ஆரம்பித்தாள். பாதியில் நின்றாள். எழுதியதை அடித்தாள். மொக்கையன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் இரண்டு கைகளையும் இறுகக் கோத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நாகஜோதி முதல் வரியில் இருந்து திரும்பப் படித்து, வேறு வழியில் ஆரம்பித்து, முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

மொக்கையனுக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. ஆனால் திணறிய நேரத்திலும் மகள் யார் முகத்தையும் பார்க்கவில்லை என்பது புரிந்தது.

"சரி, பரீட்சை வரைக்கும் பாப்போம். வாரேன் சார்" என்று கிளம்பினார்.

கணக்குப் பரீட்சை அன்று மதியம், பள்ளிக்கூடத்திலிருந்து மகளை நேராக டீச்சர் வீட்டுக்கே பைக்கில் கூட்டி வந்தார் மொக்கையன். நாகஜோதி ஓடிவந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், பார்க்காத கணக்கு ஒண்ணு வந்துச்சு. புத்தகத்துல எங்கயுமே இல்ல. ஹால்ல பாதிப் பேரு முழிச்சாங்க. நான் கொஞ்ச நேரம் பயந்தேன். அப்புறம் போட்டுட்டேன் டீச்சர்!"

டீச்சரின் கண்கள் கலங்கிவிட்டன. அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

மொக்கையனுக்கு ஒரே ஒரு வருத்தம் இருந்தது. "டீச்சருக்கு மட்டும் குரல் நல்லா இருந்திருந்தா, பிள்ள இன்னும் எம்புட்டோ நல்லாச் செஞ்சிருக்கும்ல சார்?"

ஜெய்சன் சிரித்து வைத்தார்.

பைக் தெருமுனையைத் தாண்டியதும் அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஏம்மா, அந்தப் பிள்ளைகிட்ட இன்னைக்காச்சும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல?"

"குரல் திரும்பி வந்த அன்னைக்கே பேசியிருப்பேங்க. அன்னைக்குத்தான அவ முதமுதலா யாரையும் கேக்காம ஒரு கணக்கை முடிச்சா, நான் எப்படி வாயைத் திறப்பேன்?" என்றார் ரூத் டீச்சர், கணீரென்று.