டம்மிக்குத்தானே

"மூணு வாளி ஃபாண்டன்ட்டையும் யார் குப்பையில கொட்டினது?"

லாவண்யா போட்ட சத்தத்தில் ஓவன் பக்கம் நின்ற இரண்டு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிந்து மட்டும் குனியவில்லை.

"நான்தான் மேடம். தேதி முடிஞ்சி போச்சு. சிக்கு வாடை வருது."

"வந்தா வரட்டும். நாளைக்கு டம்மிக்குத்தானே?"

அடையாறில் லாவண்யாவின் கேக் கடைக்கு நல்ல பெயர். விசேஷங்களுக்கு ஐந்தடுக்கு கேக் செய்வதில் கெட்டிக்காரி. அந்த ஐந்தில் உச்சியில் இருப்பது ஒன்றுதான் நிஜம். கீழே நாலும் தெர்மாகோல் டம்மி. ஃபாண்டன்ட் என்கிற ரெடிமேட் சர்க்கரை மாவைச் சப்பாத்தி மாதிரி தேய்த்து ஐந்தையும் போர்த்திவிட்டால் பிரம்மாவே வந்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. போட்டோவுக்கு ஐந்தடுக்கு, வாய்க்கு ஓரடுக்கு. ஆர்டர் கொடுப்பவர்களுக்கும் இது தெரியும் என்பதால் ஏமாற்று வேலை என்றும் சொல்லிவிட முடியாது.

தேதி முடிந்த ஃபாண்டன்ட்டை லாவண்யா டம்மிக்கென்றே ஒதுக்கி வைப்பாள். அதைத்தான் சிந்து கொட்டியிருந்தாள்.

"தெர்மாகோலுக்கு வயிறு வலிக்குமாடி? யார் திங்கப் போறா அதை?"

சிந்து காலி வாளிகளைக் கழுவ எடுத்தாள்.

"போன மாசம் சொல்லாம கொள்ளாம மூணு நாள் லீவு போட்டே. ஏன்னு கேட்டா வாயைத் திறக்கலை. சரி, போகட்டும்னு விட்டேன். இப்போ என்னைக் கேக்காமலே சரக்கைக் கொட்டற அளவுக்கு வந்துட்டே."

"வேற வாங்கிக்கலாம் மேடம்."

"வாங்கித்தானே ஆகணும். நானும் வரேன், நட."

தி. நகரில் கேக் சாமான் விற்கும் கதிரேசன் நாலைந்து பாக்கெட்டுகளை மேஜையில் பரப்பினார்.

"டம்மிக்குன்னா இதுவே போதும்மா. பத்து நாள்தான் தேதி இருக்கு. பாதி விலைக்கே தரேன்."

சிந்து அதைத் தொடக்கூட இல்லை. மற்றவற்றைத் திருப்பித் திருப்பித் தேதி பார்த்தாள். சாம்பிள் டப்பாக்களைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றிலும் ஒரு கிள்ளு எடுத்தாள். இழுத்துப் பார்த்தாள், முகர்ந்தாள், வாயில் போட்டுக் கரையும்வரை காத்திருந்தாள்.

"இது குடுங்கண்ணே."

"நல்ல சரக்கு. நம்ம ஊர் புழுக்கத்துக்கும் வியர்க்காது," என்றார் கதிரேசன்.

லாவண்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெர்மாகோலுக்கு ருசி பார்த்து வாங்கற ஆளை இப்பத்தான் பார்க்கறேன். கதிரேசன், இவளுக்கு எவ்வளவு கமிஷன் தர்றீங்க?"

கதிரேசன் பதறிப்போய்க் கையை ஆட்டினார். சிந்துவின் முகம் சுண்டிவிட்டது. கண்ணில் முட்டிய நீரை அவள் விழவிடவில்லை.

"என் சம்பளத்துல புடிச்சிக்கோங்க மேடம். ஆனா இதுதான் வேணும்."

"அவ்வளவு பிடிவாதமா? நாளைக்கு நந்தனம் ஆர்டரை முடிச்சுக் கொடு. அதுக்கப்புறம் நீ வேலைக்கு வர வேண்டாம்."

மறுநாள் நந்தனம் மண்டபத்தில் கேக்கைச் சுற்றி ஒரே கூட்டம். அடுக்குக்கு அடுக்கு சிந்து ஃபாண்டன்ட்டில் செய்து வைத்திருந்த ரோஜாக்களைத் தொட்டுப் பார்க்காதவர் இல்லை. ஒரு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்து உச்சி அடுக்கை வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், பந்திக்குப் போனார்கள். இப்படிக் கைவேலை தெரிந்தவளை அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று லாவண்யாவுக்கு ஆதங்கமாக இருந்தது. மனது மட்டும் இறங்கவில்லை.

வழக்கமாக மண்டபத்து ஆட்களே மறுநாள் தெர்மாகோலை ஆட்டோவில் அனுப்பிவிடுவார்கள். பளிச்சென்று சுத்தமாக வரும். யார் சுத்தம் செய்கிறார்கள் என்று அவள் கேட்டதில்லை. இன்று சாயங்காலமே அடுத்த ஆர்டருக்கு வேண்டும் என்பதால் மூன்று மணிக்கு அவளே தேடிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனாள்.

பாத்திரம் தேய்க்கும் இடத்தில் ஆறேழு பெண்கள் தெர்மாகோலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஃபாண்டன்ட்டை உரித்து உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிந்துவும் அங்கேதான் நின்றிருந்தாள். அவள் காலடியில் உட்கார்ந்திருந்த பெண்மணி ஒரு ரோஜாவை அலுங்காமல் பெயர்த்து டிபன் டப்பாவில் வைத்தபடி நிமிர்ந்தாள்.

"சிந்து, இந்தத் தபா நல்லா கீதாடி? பாப்பாவுக்குக் குடுக்கலாமா?"

"தைரியமா குடும்மா. நான் தின்னு பார்த்துட்டுத்தான் வாங்கினேன்."

லாவண்யா அருகில் வந்தாள். சிந்து திரும்பிப் பார்த்தாள்.

"எங்கம்மா, மேடம்."

"இதை... இவங்கல்லாம் சாப்பிடுவாங்களா?"

"எனக்கும் மொதல்ல தெரியாது மேடம். போன மாசம் இந்த மண்டபத்துக்கு வந்த கேக்குக்குப் பழசைத் தேய்ச்சுப் போர்த்தினது நான்தான். யாரு திங்கப் போறான்னு நானும்தான் நெனச்சேன். அன்னிக்கு அம்மா இங்க வேலைக்கு வந்திருக்கு. அதுல ஒரு ரோஜாவை எடுத்துனு போய்த் தங்கச்சிக்குக் குடுத்திருக்கு. ராத்திரியே வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில சேர்த்தோம்."

சிந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க வீட்ல மிச்சத்தைத் திங்கறோம்னு உங்ககிட்ட எப்படி மேடம் சொல்றது? அந்த மூணு நாள் லீவு அதுக்குத்தான்."