யார் போட்ட அலை?

"உண்மையைச் சொல்லும்மா. இந்த அலையை நீயேதானே செஞ்சு உள்ளே போட்டே?"

பேராசிரியர் கௌதம்ராஜ் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் அசீனாவுக்குப் பயமாக இருந்தது.

"சத்தியமா இல்ல சார். காலையில வந்து கம்ப்யூட்டரைத் தொறந்தேன். டேட்டாவுல இருந்துச்சு."

"போன மாசம் சிமுலேஷன்ல ரெண்டு கருந்துளையை மோதவிட்டு, ஈர்ப்பு அலை ஒண்ணு எடுத்தியே. அதுவும் இதுவும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு. எப்படி?"

"விண்வெளியில நெசமா மோதினாலும் அப்படித்தானே சார் வரணும்? அதுக்குத்தானே சிமுலேஷனே போடுதோம்?"

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டில் ஈர்ப்பு அலைகளைத் தேடும் கருவிகளிலிருந்து வரும் டேட்டாவுக்குள், குழுவில் யாராவது ஒருவர் கம்ப்யூட்டரில் செய்த போலி அலையை ரகசியமாக ஒளித்து வைப்பார். மற்றவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு வேலை பார்க்கிறார்களா என்று சோதிக்கத்தான். விஞ்ஞானிகளுக்கும் கண்ணாமூச்சி வேண்டியிருக்கிறது! யாராவது கண்டுபிடித்துவிட்டால், ஒளித்தவர் உடனே ஒப்புக்கொள்ள வேண்டும்.

"இங்க இருக்கிற எல்லாரையும் கேட்டாச்சு. ஒருத்தரும் ஒத்துக்கிடலை. படிப்பை முடிக்கிற அவசரத்துல, நீயே போட்டு நீயே எடுத்திருக்கே. இன்னைக்கே உன் ஆராய்ச்சியை ரத்து பண்ணச் சொல்லி எழுதப் போறேன்."

அசீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷ உழைப்பும் போச்சே! ராஜபாளையத்துக்குத் திரும்பிப் போய் அத்தா முகத்தில் எப்படி முழிப்பாள்?

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு சேதுபதி வந்தான். அவளோடு ஆராய்ச்சி செய்பவன். தேவதானத்தில் அக்காவுக்கு வளைகாப்பு என்று லீவில் போனவன், யார் அழைத்தும் போனை எடுக்கவில்லை.

"என்ன சார், அலை மாட்டிக்கிட்டாமே? வாசல்ல சொன்னாங்க. நான்தான் போட்டேன்."

கௌதம்ராஜுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சுக்கோம்மா. அநியாயமா சந்தேகப்பட்டுட்டேன்."

அசீனாவுக்கு அப்பாடா என்றிருந்தது. கூடவே ஓர் ஏமாற்றம். நிஜ அலையாக இருந்திருக்கக் கூடாதா?

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" சேதுபதிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "லீவுல போறதுக்கு முந்தி, போன வாரத்து டேட்டாவுல அம்புட்டு ஆழமா ஒளிச்சு வச்சிருந்தேனே!"

அசீனா திரையைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ஏலே சேது, இது நேத்து வந்த டேட்டாலே!"