குடை தொங்கும் ஆணி

மழை விட்ட பிறகும் ஜன்னல் விளிம்பு சொட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் உள்ளே வந்ததும் வழக்கம்போல் குதிகாலைத் தூக்கி, நனைந்த குடையைக் கதவோரத்து ஆணியில் மாட்டிவிட்டு, தையல் மெஷினுக்கு எதிர் நாற்காலியில் உரிமையோடு உட்காருகிறார். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் நிபந்தனை மொத்தத்தையும் அவர் வாய்விட்டு வாசித்தாக வேண்டும். அதற்கு முன் பேனா மூடி திறக்காது. தையல்காரம்மா கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைத் திருகியபடி கேட்கிறாள். “சுவத்துல ஆணி அடிக்கவே கூடாது.” அவர் குரல் கறாராகிறது. மாடியில் இருந்தவர்களை இதற்காகத்தான் போன மாதம் காலி பண்ண வைத்தார். அவர் முதுகுக்குப் பின்னால் குடை டப் டப் என்று சொட்டுகிறது. அவள் மகள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடுகிறாள். “என்னம்மா, சரிதானே?” “இனிமே ஒண்ணுகூட அடிக்க மாட்டோம்ணே.” திருப்தியாகத் தலையாட்டிக் கையெழுத்துப் போடுகிறார். அவளும் போடுகிறாள். ஜன்னல் வழியே வந்த வெயில் ஈர மையில் மினுங்குகிறது. எழுந்து போய்க் குடைக்குக் கை நீட்டியவர் அப்படியே நிற்கிறார். ஆணியைப் பார்க்கிறார். அவளைப் பார்க்கிறார். மெஷின் மேல் இல்லாத தூசியை அவள் மும்முரமாகத் துடைக்கிறாள். அடுப்படியில் ஒரு கரண்டி விழுகிறது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, குதிகாலைத் தூக்கிக் குடையை எடுக்கிறார். “அடுத்த வருஷம் நான் வர்றதுக்குள்ள இதை ஒரு சாண் கீழ எறக்கி அடிம்மா. எனக்கு எட்டவே மாட்டேங்குது.”