பதினோராம் எலிக்குக் கேட்டது

கைப்பேசி ஒலித்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இதோ வந்துட்டேன்," என்று எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, ஆய்வகத்தின் பதினோராம் எலியின் கூண்டோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மணி நாலு. ஐயா ஆஜர்," என்றார் கூண்டு கழுவும் அம்மா. காலையிலிருந்து டவரே இல்லையென்று, மகளோடு பேச மொட்டைமாடி வரை ஏறிவிட்டு அப்போதுதான் மூச்சு வாங்க இறங்கி வந்திருந்தார். "எனக்கும்தான் ஒருத்தர் வாய்ச்சிருக்கார். பக்கத்து ரூம்ல இருந்தாலும் கூப்பிட மாட்டார்."

அவள் சிரித்தாள். "ம்... சாப்பிட்டேன். நீங்க மாத்திரை போட்டீங்களா?" ஐந்து நிமிடம் பேசுவாள். முடித்ததும் எலியைக் கையில் எடுத்துத் தடவிக் கொடுப்பாள்.

வீட்டுக்காரர் வெளியூரில் வேலை என்பதற்கு மேல் யாரும் அவளைக் கேட்டதில்லை. மூன்று வருடமாகியும், கேட்கிற அளவுக்கு அங்கே யாரும் நெருக்கமில்லை.

ஆய்வு இதுதான். மூளையில் ஒலியை உணரும் மேற்பரப்பிலிருந்து ஆழத்துக்கு இறங்கும் நரம்புப் பாதை ஒன்றை எலிகளுக்கு மருந்தால் அடைத்திருந்தார்கள். 'பீப்' சத்தம் கேட்டால் சர்க்கரைத் தண்ணீருக்கு ஓடப் பழகியவை, இப்போது ஓடுவதில்லை. காதில் விழுகிறது, காலுக்குப் போவதில்லை.

எதிர்பார்த்த முடிவுதான், புதிதாக ஒன்றுமில்லை. அதனால் இந்த மாதத்தோடு ஆய்வும் முடிகிறது, அவள் வேலையும் முடிகிறது.

அவள் போனை வைத்த கையோடு துறைத் தலைவர் மடிக்கணினியுடன் வேகமாக உள்ளே வந்தார். "இந்த வீடியோவைப் பாருங்கம்மா. பீப் சத்தத்துக்குப் பதினோராம் எலி திரும்பிக்கூடப் பார்க்கல. உங்க போன் அடிச்சதும் ஓடி வந்து கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. நாப்பது நாளா தினமும்."

அவள் பார்த்தாள். தன் சத்தத்துக்கு ஒரு உயிர் ஓடி வருகிறது என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அடைச்ச பாதையைத் தவிர வேற ஏதோ ஒரு பாதை இருக்கு. இது நிரூபணமானா உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் வேலை," என்றார் தலைவர். "வீடியோவுல நேரம் சரியாப் பதிவாகல. உங்க போன்ல வீட்டுக்காரர் கூப்பிட்ட லிஸ்ட் இருக்கும்ல, காட்டுங்க. தேதி வாரியா எழுதிக்கிறேன். கட்டுரை கடைசியில அவருக்கு ஒரு நன்றியும் போட்டுடலாம்."

'அழிச்சுட்டேன்' என்ற பொய் நுனி நாக்கு வரை வந்தது. சொன்னால் அந்த எலியின் நாற்பது நாளும் குப்பைக்குப் போகும். அவள் வேலையும் கூடவே போகும்.

"காட்டுங்கம்மா, இதுல என்ன கூச்சம்," என்றார் கூண்டு அம்மா.

அவள் போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எல்லா நாளும் நாலு மணின்னே எழுதிக்குங்க, சார்."

"அது எப்படி? ஒரு நாளாவது ரெண்டு நிமிஷம் முன்னப்பின்ன ஆகியிருக்குமே?"

"ஆகாது. அது அலாரம், சார்."