பாட்டு இல்லை

ஒரு வீட்டு அலமாரியில் குட்டி ஸ்டீரியோ ஒன்று இருந்தது. தனக்கு ஒன்று தெரியாது என்று அது யாரிடமும் ஒப்புக்கொண்டதே கிடையாது.

ஒருநாள் அந்த வீட்டுப் பரிமளா அதில் ஒரு பென் டிரைவைச் செருகினாள். உள்ளே நிறையப் பாட்டுகள். ஆனால் அவை வேறு கோப்பு வடிவத்தில் இருந்ததால் ஒன்றுகூட ஸ்டீரியோவுக்குப் படிக்க வரவில்லை. வெட்கத்தை மறைத்துக்கொண்டு, திரையில் ‘பாட்டு இல்லை’ என்று காட்டிவிட்டது.

“இருக்கே அக்கா! நல்லாப் பாரேன்” என்றது பென் டிரைவ்.

“பார்த்துட்டேன். ஒண்ணுமே இல்லை.”

“அப்போ நான் வெறும் டப்பாதானா?” பென் டிரைவின் குரல் உடைந்தது.

“கெட்டுப்போச்சு போல. எல்லாத்தையும் அழிச்சுட்டு ஆபீஸ் வேலைக்கு வச்சுக்கறேன்” என்று பரிமளா அதை உருவக் கை நீட்டினாள்.

ஸ்டீரியோ அவசரமாகத் திரையை மாற்றியது: ‘எனக்குப் படிக்கத் தெரியவில்லை.’

“அட, கோளாறு உன்கிட்டயா?” என்று சிரித்தாள் பரிமளா. பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஸ்டீரியோவுக்குப் புரியும்படி மாற்றிக்கொண்டு வந்து, மறுபடி செருகினாள்.

முதல் பாட்டு வீடெங்கும் நிறைந்தது.

“இதெல்லாமா அக்கா எனக்குள்ள இருந்துச்சு?” என்று பென் டிரைவ் மெதுவாகக் கேட்டது.

ஸ்டீரியோ அடுத்த பாட்டை இன்னும் கொஞ்சம் உரக்கப் பாடியது.